கிண்ணத்தின் அடியில் எழுத வேண்டியது



தையல், கோழி வளர்ப்பு, மிளகாய்த்தூள், பனையோலைப் பெட்டி. 'வாழ்வாதாரம்' என்ற சொல்லைக் கேட்டவுடன் பெண்களுக்கு முன்னால் நாங்கள் வைக்கும் பட்டியல் பெரும்பாலும் இவ்வளவுதான். இந்தப் பட்டியலில் இல்லாத ஒரு தொழிலைச் செய்யும் அக்கா ஒருவரைப் பற்றியே இம்மாதம் எழுதுகிறேன். அவர் மரத்தில் கடைச்சல் பிடிக்கிறார். கிளிநொச்சி மாவட்டத்தில் மீள்குடியேறிய கிராமம் ஒன்றில் இருக்கிறார். தனது பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அதற்கான காரணத்தையும் சொல்லத்தான் போகிறேன்.

அவருடைய மாமா, அதாவது கணவரின் தகப்பனார், கட்டில் கால், தொட்டில் கட்டை, மத்து, பம்பரம் என்று கடைந்து கொடுத்து வாழ்ந்தவர். 2009 இல் யுத்தம் முடிந்தபோது அக்காவின் கணவர் உயிருடன் இல்லை. முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பியபோது பட்டறையின் கூரையும் இல்லை, மோட்டரும் இல்லை. கடைச்சல் மெசினின் இரும்புச் சட்டம் மாத்திரம் பற்றைக்குள் துருப்பிடித்துக் கிடந்தது. கடன் எடுத்து ஒரு மோட்டர் பூட்டினார்கள். ஆனால் மாமாவின் கைகளோ நடுங்கத் தொடங்கிவிட்டன. "நீ பிடி பிள்ளை, நான் சொல்லித் தாறன்" என்று உளியை மருமகளிடம் கொடுத்தார். ஊர் சிரித்தது. "பொம்பிளைப் பிள்ளை மெசினுக்கு முன்னால நிக்கிறதே?" என்று கேட்டவர்களும் உண்டு. இன்று மாமா இல்லை. மெசின் ஓடிக்கொண்டிருக்கிறது.

விறகுக்குப் போகவிருந்த கொப்பு

அக்காவின் வளவில் நின்ற பழைய கறுத்தக்கொழும்பான் மாவின் பெருங்கொப்பு ஒன்று மழைக்காற்றில் முறிந்து விழுந்தது. தளபாடத்துக்கு முதிரையையும் தேக்கையும் தேடுகிறவர்கள் மாமரத்தைப் பெரிதாக மதிப்பதில்லை. கோடரியும் கையுமாக வந்த அயலவரை மறித்து, "பொறுங்கோ, ரெண்டு துண்டு எனக்கு வேணும்" என்று அக்கா எடுத்து வைத்த துண்டுகளில் இருந்துதான் நான் பார்த்த கிண்ணங்கள் பிறந்தன.

சாதாரண மரக்கிண்ணத்தின் வாய் ஒரே மட்டமாக இருக்கும். இந்தக் கிண்ணம் அப்படியல்ல. கொப்பின் வெளிப்புறம், அதாவது பட்டை இருந்த பக்கம், வெட்டிச் சமப்படுத்தப்படாமல் அப்படியே கிண்ணத்தின் விளிம்பாகி விடுகிறது. கொப்பு உருளையானது அல்லவா? அதனால் விளிம்பு இரண்டு பக்கம் உயர்ந்தும் இரண்டு பக்கம் தாழ்ந்தும், வள்ளத்தின் முன்னணியமும் பின்னணியமும் போல நிற்கும். ஒரு கிண்ணத்தைப் போல இன்னொன்று வராது.

கொப்பின் குறுக்களவு எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவு நீளத்துக்குத் துண்டு போட வேண்டும். பிறகு அதை நடுவால் நீளவாட்டில் இரண்டாகப் பிளக்க வேண்டும். நடுவிலுள்ள சோற்றியைச் சேர்க்கக் கூடாது. வெடிப்பு அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். அன்றைக்கே கடையாவிட்டால் துண்டின் இரு முனைகளிலும் மெழுகை உருக்கிப் பூசி நிழலில் வைக்க வேண்டும். முனைகளால்தான் ஈரம் விரைவாக வெளியேறுகிறது. மற்ற இடம் காய முன்னர் முனை காய்ந்தால் மரம் பிளக்கும்.

ஈரமரத்திலேயே கடைவது நல்லது என்கிறார் அக்கா. "காய்ஞ்ச மரம் உளியோட சண்டை பிடிக்கும். ஈரமரம் தேங்காய்ச் சொட்டைத் துருவுற மாதிரி வரும்."

முதலில் பட்டைப் பக்கத்தின் நடுவில் மெசினைப் பொருத்தி, அடிப்பக்கமும் வெளிவயிறும் கடையப்படும். அப்போதே அடியில் ஒரு சிறிய வட்டக் கட்டையை விட்டுவிடுவார். பின்னர் துண்டைத் திருப்பி, அந்தக் கட்டையை மெசினின் 'சக்'கில் இறுக்கி, உள்ளே குடைவார். வேலையின் கடினமான பகுதி இதுதான். விளிம்பு ஏறி இறங்குவதால், ஒவ்வொரு சுற்றிலும் உளி இரண்டு தடவை மரத்தையும் இரண்டு தடவை வெறுங்காற்றையும் சந்திக்கிறது. காற்று வரும் இடத்தில் உளியைத் தள்ளினால், அடுத்து வரும் மரம் அதைத் தூக்கி எறியும். தள்ளாமல், உளியைத் தாங்கியின் மேல் அழுத்திப் பிடித்து, மெல்லிய சீவல்களாக எடுக்க வேண்டும்.

விளிம்பை முதலில் முழுவதாக முடித்த பிறகே கீழே இறங்குவார். அடிவரை குடைந்துவிட்டு விளிம்புக்குத் திரும்பக் கூடாது. ஈரமரம் அதற்குள்ளேயே கோணத் தொடங்கியிருக்கும். சுவர் எங்கும் ஒரே தடிப்பாக, 6 தொடக்கம் 8 மில்லிமீற்றர் வரை இருந்தால், காயும்போது வளைந்து கொடுக்கும். ஓரிடம் தடித்து ஓரிடம் மெலிந்தால் வெடிக்கும்.

உயிருக்கும் விரலுக்கும்

அந்தப் பட்டறைக்கு நான் முதன்முதல் போனபோது அக்கா என்னைப் பார்த்துச் சொன்ன முதலாவது வார்த்தை, "சோலைக் கழட்டி வையுங்கோ தங்கச்சி" என்பதுதான். சுற்றும் மெசினுக்குச் சோலும் தெரியாது, சேலைத் தலைப்பும் தெரியாது. அக்கா அங்கே சேலை உடுப்பதில்லை. இறுக்கமான கையுள்ள சேட்டும் காற்சட்டையும்தான். தலைமயிரை முடிந்து துணியால் கட்டிவிடுவார். சங்கிலி, காப்பு, மோதிரம் எல்லாம் டப்பாவுக்குள். கையுறை போட்டால் பாதுகாப்பு என்று நான் நினைத்திருந்தேன். அது தவறு. உளி வேலையில் கையுறை மெசினில் சிக்கினால் கையையும் இழுத்துக்கொண்டு போகும்.

இந்த வகைக் கிண்ணத்தில் இன்னுமொரு ஆபத்து உண்டு. வேகமாகச் சுற்றும்போது உயர்ந்து நிற்கும் விளிம்பு கண்ணுக்குத் தெரியாது. ஒரு நிழல் மாதிரித்தான் தெரியும். அந்த நிழலுக்குள் விரலை வைத்தால் எலும்பு உடையும். அதனால் பின்னால் கறுப்புத் துணி ஒன்றைத் தொங்கவிட்டு, நிழலின் எல்லை தெரியும்படி செய்திருக்கிறார். துண்டு சமநிலைக்கு வரும்வரை நிமிடத்துக்கு 400, 500 சுற்றுக்கு மேல் போகமாட்டார். முகத்தை முழுவதும் மறைக்கும் கண்ணாடித் தகடும் அணிவார்.

தூசியையும் அலட்சியம் செய்ய வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களில் ஒன்றாக 1995 இல் வகைப்படுத்தியது. மாம்பால் பட்டால் சிலருக்குத் தோல் பொங்குவதை நாங்கள் அறிவோம். மாமரத் தூளும் அப்படிச் செய்யலாம். நல்ல முகமூடி செலவல்ல. அது தொழிலின் ஒரு கருவி.

காத்திருத்தல்

கடைந்த கிண்ணத்தை உடனே மினுக்கக் கூடாது. பத்திரிகைத் தாளில் சுற்றி, காற்றுப் படாத மூலையில் வைக்க வேண்டும். எவ்வளவு நாள்? அக்காவிடம் ஒரு சமையலறைத் தராசு இருக்கிறது. ஒவ்வொரு ஞாயிறும் நிறுத்துக் கொப்பியில் எழுதுவார். நிறை குறைந்துகொண்டே வரும். இரண்டு மூன்று கிழமை அடுத்தடுத்து ஒரே நிறை காட்டினால் காய்ந்துவிட்டது என்று பொருள். வாய் கொஞ்சம் நீள்வட்டமாகக் கோணியிருக்கும். அது பிழையல்ல.

பட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மரம் துளிர்த்து வளரும் காலத்தில் பட்டை இலகுவில் கழரும். வளர்ச்சி அடங்கிய வரண்ட காலத்தில் வெட்டிய மரத்தில் அது இறுகப் பிடித்திருக்கும். பட்டை லேசாக விட்டிருந்தால் அந்த இடைவெளியில் சுப்பர் குளூவை ஒழுகவிட்டுப் பிடிக்கவைக்கலாம். அந்த மழைக்கால மாங்கொப்பின் பட்டை பல இடங்களில் விட்டுவிட்டது. அக்கா பசை பூசவில்லை. முழுவதையும் உரித்து எடுத்துவிட்டார். "பாதி நிண்டு பாதி விழுந்தால் வாங்கினவை என்னைத் தான் பேசுவினம். நிக்கிறதென்றால் உறுதியா நிக்க வேணும், இல்லையெண்டால் வேண்டாம்" என்றார். பட்டை போனாலும் மரத்தின் மேடு பள்ளம் விளிம்பில் அப்படியே இருந்தது. அழகு குறையவில்லை.

பிறகு சாண்ட்பேப்பர். 120 இல் தொடங்கி 180, 240, 320 என்று படிப்படியாகப் போக வேண்டும். ஒரு படியைத் தாண்டினால் முன்னைய கீறல் எண்ணெய் பூசிய பின் காட்டிக்கொடுக்கும். விளிம்பை மெசினில் தேய்க்காமல் கையால் மாத்திரமே தேய்க்க வேண்டும். கடைசியில் அடிக்கட்டையை வெட்டி நீக்கி, அடியைச் சமப்படுத்துவார்.

மினுக்கத்துக்கு ஆளிவிதை எண்ணெய். தேங்காயெண்ணெய் பூசினால் என்ன என்று கேட்டேன். அது காயாது, பிசுபிசுத்துத் தூசி பிடிக்கும். ஆளிவிதை எண்ணெய் காற்றுப் பட்டு உறைந்து மரத்தோடு மரமாகிவிடும். மெல்லியதாகப் பூசி, மிச்சத்தைத் துடைத்து, நன்கு காய்ந்த பின்னரே அடுத்த பூச்சு. 'கொதித்தது' என்று கடையில் விற்பதில் விரைவாகக் காய்வதற்கு உலோக உப்புகள் சேர்ப்பதுண்டு. சாப்பாட்டுப் பொருள் வைக்கும் கிண்ணத்துக்கு ஒன்றும் கலக்காத எண்ணெயும் தேன்மெழுகும் போதும். ஒரு முக்கிய எச்சரிக்கை: இந்த எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பற்றும். தண்ணீரில் நனைத்து, வெளியில் விரித்துக் காயவிடுங்கள்.

நான் எழுதிய துண்டு

இனி, என்னுடைய பிழையைச் சொல்கிறேன்.

ஒரு நாள் குடைந்துகொண்டிருந்தபோது 'கிறீச்' என்று உளி வாய் உடைந்தது. மெசினை நிறுத்திப் பார்த்தால், மரத்துக்குள் ஒரு செல் துண்டு. பெருவிரல் நகமளவு. அதைச் சுற்றி மரம் கருநீலமாகக் கறை படிந்திருந்தது. இரும்பு மரத்தின் துவர்ப்போடு சேர்ந்தால் அப்படிக் கறுக்கும். எங்கள் பகுதி மரக்காலைக்காரருக்கு இது புதிதல்ல. வாள் பல்லுப் போன பிறகுதான் பலருக்குத் தெரியவரும். அக்கா குறட்டால் அதைக் கிளப்பி எடுத்து, வேறு உளியால் வேலையை முடித்தார். துவாரத்தோடும் கறையோடும் ஒரு கிண்ணம் வந்தது.

அந்த நாட்களில் கொழும்பிலுள்ள ஒரு கடைக்கு அவருடைய கிண்ணங்களை நான் அறிமுகம் செய்துகொண்டிருந்தேன். செல் துண்டுக் கதையைக் கேட்டவர்கள், "அந்தக் கதையையும் அவருடைய படத்தையும் ஒரு சிறு துண்டில் அச்சடித்து ஒவ்வொரு கிண்ணத்திலும் கட்டினால் இரண்டு மடங்கு விலை தருவோம்" என்றார்கள். நான் சந்தோஷப்பட்டேன். அன்றிரவே எழுதினேன். யுத்தம், கணவரின் மரணம், முகாம், தனித்த தாய், காயப்பட்ட மரம், காயப்பட்ட பெண். அழகாகத்தான் எழுதினேன் என்று நினைத்தேன்.

அக்கா அதை இரண்டு தரம் வாசித்தார். பிறகு கேட்டார்: "இதில கிண்ணத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லையே தங்கச்சி?"

எனக்குப் பதில் வரவில்லை.

"என்ர மகனுக்குப் பதினாறு வயசு. தகப்பன் செத்த விதத்தை அவன் விலைத்துண்டில வாசிக்க வேணுமே? நான் சொல்லாமல் இருக்கேல்ல. ஆணைக்குழு வந்தபோது வரிசையில நிண்டு சொன்னனான். அங்க சொன்னது நீதிக்கு. இங்க விக்கிறது கிண்ணம்."

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தவள் நான். பிறருடைய வாழ்க்கையை எழுதும்போது அவர்களின் சம்மதம் வேண்டும் என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். ஆனால் அவரிடம் கேட்பதற்கு முன்னரே எழுதி முடித்துவிட்டேன். நன்மை செய்கிறோம் என்ற நினைப்பில் எங்களைப் போன்றவர்கள் விடும் பிழை இது. அறிக்கைகளுக்கும் உதவி கோரும் கடிதங்களுக்கும் பெண்களின் கண்ணீரைத்தான் முதலில் கேட்கிறோம். அவர்களின் கை வேலையைப் பற்றிப் பிறகுதான் கேட்கிறோம்.

இரண்டு முகாம்கள், ஒரு வீடு

இதன் பின்னர், மரக்கிண்ணம் கடைபவர்களைப் பற்றித் தேடி வாசித்தேன். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பொப் ஸ்ரொக்ஸ்டேல் என்றொருவர் இருந்தார். 1913 இல் பிறந்தவர். இரண்டாம் உலக யுத்தத்தில் ஆயுதம் ஏந்த மாட்டேன் என்று மனச்சாட்சியின் பேரில் மறுத்தார். அப்படி மறுத்தவர்களைச் சேவை முகாம்களுக்கு அனுப்பினார்கள். அந்த முகாமில்தான் அவர் கிண்ணம் கடையத் தொடங்கினார். 2003 இல் இறக்கும்போது அந்நாட்டின் மிகச் சிறந்த கடைச்சற்காரர்களில் ஒருவராக மதிக்கப்பட்டார்.

அவருடைய மனைவி கே செக்கிமாச்சி ஒரு நெசவுக் கலைஞர். 1926 இல் சான் பிரான்சிஸ்கோவில் ஜப்பானியக் குடும்பமொன்றில் பிறந்தவர். அதே யுத்தத்தில் ஏறத்தாழ 120,000 ஜப்பானிய வம்சாவளியினரை அமெரிக்க அரசு முகாம்களில் அடைத்தது. அவர்களில் பதின்ம வயதுச் சிறுமியான இவரும் ஒருவர். முதலில் குதிரைப் பந்தயத் திடலொன்றில் அமைத்த முகாம், பின்னர் யூட்டா மாநிலத்தின் ரோப்பாஸ் முகாம். 1949 இல் தன் சேமிப்பைக் கொடுத்து ஒரு தறி வாங்கினார். இருவரும் 1972 இல் மணம் முடித்தார்கள். கணவரின் மரக்கிண்ணங்களை அச்சாக வைத்து, அவற்றின் மேல் கடதாசியால் மெல்லிய கிண்ணங்களை இவர் உருவாக்கினார்.

என்னை நிறுத்தி யோசிக்கவைத்தது வேறொரு விடயம். ஸ்ரொக்ஸ்டேல் தன் கிண்ணங்களின் அடியில் மரத்தின் பெயரையும், அது வந்த இடத்தையும், தன் பெயரையும் எழுதுவது வழக்கம். அங்கே முகாமைப் பற்றி எழுதுவதில்லை. முகாமில் இருந்ததை அவர் ஒளிக்கவும் இல்லை. கேட்டவர்களுக்குச் சொன்னார். ஆனால் கிண்ணத்தின் அடியில் எழுத வேண்டியது எது என்பதை அவர்தான் தீர்மானித்தார்.

இதை அக்காவிடம் சொன்னேன். "அப்ப நானும் அப்பிடித்தான்" என்று சிரித்தார். இப்போது அவருடைய கிண்ணங்களின் அடியில் சூட்டுக்கோலால் மூன்று விடயங்கள் எழுதப்படுகின்றன. மரம், ஊர், தன் பெயரின் முதலெழுத்து. 'மா' என்றோ 'வேம்பு' என்றோ 'பூவரசு' என்றோ இருக்கும்.

இதனால் இழப்பு வரவில்லை என்று சொல்ல மாட்டேன். கொழும்புக் கடை பன்னிரண்டு கிண்ணங்களில் நான்கை மாத்திரம், சாதாரண விலைக்கு எடுத்தது. மிச்சம் எட்டும் விற்க ஏழு மாதம் சென்றது. விருந்தினர் விடுதி ஒன்று மூன்று வாங்கியது. கலியாணப் பரிசாகச் சில போயின. அந்த மாதங்களில் கடன் தவணைக்கு மத்தும் பூரிக் கட்டையும் கடைந்துதான் சமாளித்தார். இரண்டு மடங்கு விலையை மறுப்பது எல்லோராலும் முடிந்த காரியம் அல்ல. தேவைக்காகத் தன் கதையைச் சொல்லி விற்கும் சகோதரியை நான் ஒருபோதும் குறை சொல்ல மாட்டேன். சொல்வதும் சொல்லாததும் அவரவர் உரிமை. அதை வேறு யாரும், என்னைப் போன்ற உத்தியோகத்தர் உட்பட, அவருக்காக முடிவு செய்யக் கூடாது என்பதே நான் கற்றது.

தொழிலாகச் செய்ய விரும்புவோருக்குச் சில குறிப்புகள். விழுந்த மரமோ வெட்டிய கொப்போ போதும், உயிர் மரத்தைத் தறிக்க வேண்டாம். பலா, பனை போன்றவற்றைத் தறிப்பதற்கு 1951 ஆம் ஆண்டிலிருந்து சட்டக் கட்டுப்பாடு உண்டு. மரத்தை வெளியில் கொண்டுபோக முன்னர் கிராம அலுவலரிடம் கேளுங்கள். மிதிவெடி அகற்றி முடியாத காணிக்குள் விறகுக்கும் போகாதீர்கள், கிண்ணத்துக்கும் போகாதீர்கள். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல் அறிவியுங்கள். யுத்தம் நடந்த இடத்து மரமானால் கருநீலக் கறையைத் தேடுங்கள், காந்தத்தை ஓட்டிப் பாருங்கள். ஆழத்தில் இருப்பதைக் காந்தம் காட்டாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

விலை போடும்போது மரம் சும்மா கிடைத்தது என்று எண்ண வேண்டாம். உங்கள் மணித்தியாலங்களைக் கூலியாகப் போடுங்கள். மின்சாரம், சாண்ட்பேப்பர், எண்ணெய், உளி தீட்டும் நேரம் எல்லாவற்றையும் கூட்டுங்கள். பத்தில் இரண்டு வெடிக்கும். அந்த இரண்டின் செலவையும் மற்ற எட்டின் மேல் பிரித்துப் போடுங்கள். வாங்குபவரிடம், இதில் புளிக்கறி வைக்க வேண்டாம், தண்ணீரில் ஊறவிட வேண்டாம், பழமோ உலர்ந்த பொருளோ வைக்கலாம் என்று சொல்லிக் கொடுங்கள்.

அந்தச் செல் துண்டுக் கிண்ணம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். போன கிழமை அக்காவின் குசினியில் கண்டேன். சின்ன வெங்காயமும் உள்ளியும் போட்டு வைத்திருந்தார். துவாரத்தைக் காட்டி, "காத்துப் போக நல்லது" என்றார்.

அடுத்த மாதம் சந்திப்போம்.